வீட்டில் கட்டும் வின்டேஜ் கார்: எஞ்சினில் எதை மாட்டலாம், எதை மாட்டக் கூடாது?

ஊரில் ஒரு ஷெட்டில் தாத்தா காலத்து கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1968 மாடல் அம்பாசடர். டயரில் காற்று இல்லை, சீட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கிறது, எஞ்சின் பாகங்களில் பாதி கழற்றப்பட்டு கோணிப்பையில் கிடக்கின்றன. மாதச் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கி, சனி ஞாயிறுகளில் நீங்களே அதைத் திரும்ப ஓட வைப்பது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். பானெட்டைத் திறந்து பார்த்த மெக்கானிக் சொல்லும் முதல் யோசனை இதுவாகத்தான் இருக்கும்: "இந்த டைனமோவைத் தூக்கிக் கடாசுங்க தம்பி. ஆல்டர்னேட்டர் மாட்டிடலாம். ஒரே நாள் வேலை."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் சுலபமாகக் கிடைக்கும், அதிகமாகவும் சார்ஜ் செய்யும். ஆனால் அந்த ஒரு நாள் வேலைக்குப் பின்னால் மூன்று கேள்விகள் வரிசையாக வரும். காரின் பழைய ஒயரிங் அதைத் தாங்குமா? பின்னால் வேண்டும்போது பழையபடி மாற்ற முடியுமா? 'வின்டேஜ்' பதிவு கேட்டுப் போகும்போது, காரை ஆய்வு செய்பவர் பானெட்டுக்குள் பார்த்துவிட்டு என்ன சொல்வார்?

பழைய கார்க்காரர்கள் அந்தக் காலத்து டைனமோ, அந்தக் காலத்து கார்புரேட்டர் என்று தேடி அலைவதை வெறும் பந்தா என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பழைய எஞ்சினில் ஒவ்வொரு கருவியும் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றை நம்பி வடிவமைக்கப்பட்டது. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றதெல்லாம் கணக்கு கேட்கும். பாகங்களை வாங்கக் கிளம்பும் முன் அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில், எது 'வின்டேஜ்'?

இந்தச் சொல்லுக்கு ஊருக்கு ஒரு பொருள் உண்டு. பிரிட்டனில் 1934-ல் தொடங்கப்பட்ட வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பைக் கேட்டால், முதல் உலகப் போர் முடிந்த பிறகு 1930 முடியும் வரை தயாரான கார்கள்தான் வின்டேஜ் என்பார்கள். பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா, 30 ஆண்டு கடந்த வாகனத்தை வரலாற்று வாகனம் என்கிறது.

இந்தியச் சட்டத்தில் கணக்கு வேறு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, முதல் விற்பனைக்குப் பின் முதல் பதிவு நடந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர வாகனமும் காரும் வின்டேஜ் ஆகலாம். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. வாகனம் அசல் வடிவில் பராமரிக்கப்பட வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது. வீட்டில் கார் கட்டுகிறவர்கள் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய வரி இது.

வீட்டில் கார் கட்டுவது எங்கிருந்து வந்த பழக்கம்?

இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் பிரிட்டனின் ஆஸ்டின் 7. 1922-ல் அறிமுகமான இந்தக் குட்டி காரின் எஞ்சின் 747 சிசி. நம் ஊரில் ஓடும் பெரிய பைக் அளவுதான். 1939 வரை சுமார் 2.9 லட்சம் கார்கள் தயாராயின. சேசிஸ் தனி, பாடி தனி என்பதால் துருப்பிடித்த பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, சேசிஸ் மேல் அலுமினியத் தகட்டில் சொந்தமாக ஒன்றை அடித்து மாட்டலாம். இப்படிப் பிறந்த கார்களுக்கு 'ஸ்பெஷல்' என்று பெயர். லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன் 1948-ல் கட்டிய முதல் கார் ஓர் ஆஸ்டின் 7 ஸ்பெஷல்தான். மெக்லாரன் அணியின் நிறுவனர் புரூஸ் மெக்லாரன் முதலில் பந்தயம் ஓட்டியதும் ஓர் ஆஸ்டின் 7-ல்தான்.

நம் பக்கத்தில் சென்னைக்கு வெளியே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்திலும் இப்படி வீட்டிலும் ஒர்க்‌ஷாப்பிலும் கட்டிய ஸ்பெஷல்கள் ஓடின.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஸ்பெஷல் என்பது ஒரு காரின் சேசிஸ் மேல் புதிதாக ஒன்றைக் கட்டுவது. உங்கள் தாத்தாவின் அம்பாசடரைக் கழற்றி, சுத்தம் செய்து, திரும்பப் பூட்டுவது வேறு. கையில் கிரீஸ் இரண்டுக்கும் ஒரே அளவுதான் ஒட்டும். சட்டம் மட்டும் இரண்டையும் ஒன்றாகப் பார்க்காது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் எஞ்சினுக்கு வருவோம்.

டைனமோவா, ஆல்டர்னேட்டரா? ஒரு சின்னக் கணக்கு

1960-களின் கார்களில் பரவலாக இருந்த 12 வோல்ட் டைனமோ ஒன்று அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும் என்று எடுத்துக்கொள்வோம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். இரவில் மழையில் ஓட்டும்போது வரும் செலவு இது:

- 60 வாட் ஹாலஜன் ஹெட்லைட் இரண்டு: 10 ஆம்பியர்
- பார்க்கிங், டெயில், நம்பர் பிளேட், டேஷ்போர்டு விளக்குகள்: சுமார் 3 ஆம்பியர்
- இக்னிஷன் காயில்: சுமார் 4 ஆம்பியர்
- வைப்பர்: சுமார் 3 ஆம்பியர்

மொத்தம் 20. வரவு 22. மிச்சம் வெறும் 2 ஆம்பியர். பிரேக்கை மிதித்து இரண்டு 21 வாட் பல்புகள் எரிந்தாலே கணக்கு உதைக்கும். சூடு தாங்கவில்லை என்று 100 வாட் எலெக்ட்ரிக் ஃபேன் ஒன்றையும் மாட்டினால் இன்னும் 8 ஆம்பியர் போகும். அதற்கு மேல் பேட்டரிதான் கைக்காசு போட வேண்டும்.

பிரச்சினை டைனமோவில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அந்த டைனமோவோடு வந்த ஹெட்லைட் பல்பு 45 வாட். இரண்டும் சேர்த்து 7.5 ஆம்பியர்தான். ஹாலஜன் மாட்டிய அன்றே பழைய கணக்கில் இரண்டரை ஆம்பியர் ஓட்டை விழுந்துவிட்டது.

டைனமோவுக்கு இன்னொரு குணம் உண்டு. எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது அது ஏறக்குறைய எதுவுமே தராது. சிக்னலில் நிற்கும்போது பழைய கார்களில் சிவப்பு சார்ஜ் விளக்கு எரிவது அதனால்தான். இரவு டிராஃபிக்கில் லோ பீம் ஹாலஜன், பின் விளக்குகள், காயில் எல்லாம் சேர்ந்து சுமார் 16 ஆம்பியர் இழுக்கும். 40 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றேகால் மணி நேரத்தில் பாதி காலி. பெங்களூரு சில்க் போர்டு பக்கம் போய் வருகிறவர்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் ஆல்டர்னேட்டர்தானே சரி? தினமும் நகர டிராஃபிக்கில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் அதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அது கேட்கும் விலையையும் பாருங்கள். ஆல்டர்னேட்டர் தரும் கூடுதல் மின்சாரம் பழைய ஆம்ப் மீட்டர் வழியாகவும், துணி சுற்றிய பழைய ஒயர்கள் வழியாகவும்தான் போக வேண்டும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்பு கார்கள் பலவற்றில் மொத்தமே இரண்டு ஃபியூஸ்தான். ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் ஃபியூஸே கிடையாது. இன்சுலேஷன் உரிந்த ஓர் ஒயர் பாடியைத் தொட்டால் தடுப்பதற்கு எதுவும் இல்லை. அதனால் ஆல்டர்னேட்டர் என்று முடிவெடுத்தால், புது ஒயரிங்கும் ஃபியூஸ்களும் சேர்ந்தே வர வேண்டும். பெல்ட் நேர்கோட்டில் ஓடும்படி பிராக்கெட்டும் புள்ளியும் மாற வேண்டும். ஒரு நாள் வேலை ஒரு மாதம் ஆவது இப்படித்தான்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. வெளியே பார்க்க டைனமோ, உள்ளே ஆல்டர்னேட்டர் என்று செய்யப்பட்ட யூனிட்டுகள் வெளிநாடுகளில் விற்கின்றன. பிராக்கெட் மாற வேண்டாம், துளை போட வேண்டாம். ஆனால் ஒயரிங் கணக்கு அதற்கும் உண்டு.

மாதம் ஒருமுறை பகலில் ஓட்டப் போகும் காருக்கு எதற்கு இவ்வளவும்? டைனமோவைப் பிரித்து, கார்பன் பிரஷ் மாற்றி, கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்து, கட்-அவுட்டைச் சரிபார்த்து, 45 வாட் பல்புக்குத் திரும்பினாலே போதும்.

பாசிட்டிவ் எர்த்: ஒரே நொடியில் போகும் பணம்

இன்றைய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு கார்கள் பலவற்றில் தலைகீழ், பாசிட்டிவ்தான் எர்த். உங்கள் கார் எது என்பதை அதன் கையேட்டிலும், பேட்டரி கேபிளிலும் பார்த்து உறுதி செய்யாமல் எதையும் மாட்டாதீர்கள். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தை விடும். எர்த் மாறிய காரில் மாட்டினால் டயோடுகள் அந்த நொடியே போய்விடும். எலெக்ட்ரானிக் இக்னிஷன், இன்றைய மியூசிக் சிஸ்டம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

டைனமோ இந்த விஷயத்தில் சாது. நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டுமானால், பேட்டரியைத் திருப்பி வைத்த பிறகு டைனமோவின் எஃப் டெர்மினலில் இருக்கும் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஓர் ஒயரை எடுத்து அந்த டெர்மினலில் நொடிப்பொழுது தொட்டு எடுக்க வேண்டும். அதன் உள்ளே இருக்கும் காந்தத்தன்மை புதிய திசைக்கு மாறிக்கொள்ளும். கூடவே இக்னிஷன் காயிலின் இரண்டு சிறிய ஒயர்களையும் ஆம்ப் மீட்டர் ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். காயிலை மறந்தாலும் கார் ஓடும். ஆனால் ஸ்பார்க் பலவீனமாகும், 'ஏன் மிஸ்ஸிங் அடிக்குது' என்று மாதக்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

மேக்னெட்டோ, பாயிண்ட், எலெக்ட்ரானிக்: எது உங்கள் காருக்கு?

அந்தக் காலத்து என்று சொன்னால் எந்த ஆண்டு என்பதும் முக்கியம். ஆஸ்டின் 7-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1928 வரை மேக்னெட்டோ. அதன் பிறகு காயில் இக்னிஷன். 1926 சேசிஸில் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தாலும் தப்பு, 1932 காரில் மேக்னெட்டோ இருந்தாலும் தப்பு. இரண்டுமே பார்க்கப் பழசாகத்தான் இருக்கும்.

மேக்னெட்டோவின் பெருமை, அதற்கு பேட்டரியே வேண்டாம் என்பது. தானே சுழன்று தானே மின்சாரம் தயாரித்துக்கொள்ளும். குறை, மெதுவாகச் சுழலும்போது ஸ்பார்க் பலவீனம். ஸ்டார்ட் செய்வதுதான் பாடு. பழைய மேக்னெட்டோ வாங்கினால் மாட்டிப் பார்த்து 'ஸ்பார்க் வருது' என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். சுருளின் மேல் பூசிய அரக்கு சூடேறினால் இளகும், உள்ளே இருக்கும் கண்டென்சர் வயதாகிச் செத்திருக்கும். குளிர்ந்த நிலையில் நன்றாக வேலை செய்து, அரை மணி நேரம் ஓடிச் சூடேறியதும் நின்றுபோவது இதன் அடையாளம்.

ஸ்டீயரிங் வீலில் ஸ்பார்க் நேரத்தைக் கையால் மாற்றும் நெம்புகோல் உள்ள கார்களில் ஒரு பாதுகாப்பு விஷயம் இருக்கிறது. கைப்பிடி போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் முன் அதைத் தாமத நிலையில் வைக்க வேண்டும். மறந்தால் எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். அந்தக் காலத்தில் மணிக்கட்டு உடைந்தவர்கள் பலர்.

1968 அம்பாசடர் போன்ற கார்களில் இந்த வம்பு இல்லை. காயில், டிஸ்ட்ரிபியூட்டர், பாயிண்ட். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. பாயிண்ட்டுக்குப் பதிலாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே அடங்கும் எலெக்ட்ரானிக் மாட்யூலும் கிடைக்கிறது. வெளியே தெரியாது, இரண்டு ஸ்க்ரூவில் பழையதற்குத் திரும்பலாம். எதை மாற்றினாலும் அப்படித் திரும்ப முடிவதுதான் நல்ல மாற்றம். கழற்றிய பாயிண்ட்டையும் கண்டென்சரையும் மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். டிக்கியில் ஒரு டப்பாவில் இருக்கட்டும். மாட்யூல் போனால் ரோட்டோரத்தில் சரிசெய்ய வழியில்லை. பாயிண்ட் என்றால் ஓர் உப்புத்தாள் போதும்.

கார்புரேட்டரும் இ20 பெட்ரோலும்

இப்போது பழைய கார் வைத்திருக்கும் எல்லோருடைய பேச்சிலும் அடிபடுவது இதுதான். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, இன்று நாடு முழுவதும் பரவிவிட்டது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களின் பாகங்கள் இதற்குத் தயாராக வந்தவை. 1968-ல் தயாரானவை அப்படி அல்ல.

மூன்று விஷயங்கள் நடக்கும். ஒன்று, கலவை மாறும். பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிலோவுக்கு சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20-க்கு இது சுமார் 13.5 வரை இறங்குகிறது. அதாவது அதே காற்றுக்கு சுமார் 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. இன்றைய கார்களில் கம்ப்யூட்டர் அதைச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. எரிபொருள் குறைந்த கலவையில் எஞ்சின் சூடேறும், ஏறுமுகத்தில் இழுவை குறையும். எஸ்.யூ. வகை கார்புரேட்டர் என்றால் ஊசியை மாற்றியோ கலவை நட்டைத் திருகியோ ஈடுகட்டலாம். சோலெக்ஸ் போன்ற வகையில் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும்.

இரண்டு, ரப்பரும் பூச்சும். பழைய பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம், ஹோஸ், சீல்கள் எத்தனாலில் ஊறி வீங்கும் அல்லது விரியும். 1920-கள், 30-களின் கார்புரேட்டர்களிலும் பெட்ரோல் அளவிகளிலும் இருந்த மிதவை சில சமயம் கார்க்கால் ஆனது. அதன் மேல் அரக்கு பூசியிருப்பார்கள். தச்சர்கள் அரக்கு பாலிஷ் எதில் கரைப்பார்கள்? ஸ்பிரிட்டில். எத்தனாலும் அதே சாதிதான். மிதவை மேல் இருக்கும் அரக்கு கரைந்து கார்க் ஊறினால், அது மூழ்கும், பெட்ரோல் வழியும். வழியும் பெட்ரோலுக்குப் பக்கத்திலேயே சூடான சைலன்சர் பைப் இருக்கும்.

மூன்று, தண்ணீர். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் காரின் டேங்க்கிலும் கார்புரேட்டரிலும் துரு அதனால்தான் வேகமாக வருகிறது. நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

நல்ல செய்தி: இதற்குத் தேவையான மாற்றங்கள் எல்லாமே உள்ளே நடப்பவை. எத்தனாலைத் தாங்கும் டயஃப்ரம், சீல், ஹோஸ், பித்தளை அல்லது அதற்கேற்ற பிளாஸ்டிக் மிதவை. வெளியே பார்த்தால் அதே பழைய பம்ப், அதே பழைய கார்புரேட்டர். பழைய தோற்றத்துக்கும் பாதுகாப்புக்கும் இங்கே சண்டையே இல்லை.

சண்டை வருவது, பம்ப்பையே மாற்றும்போதுதான். எஞ்சினால் இயங்கும் பழைய மெக்கானிக்கல் பம்ப் தருவது 2 பிஎஸ்ஐ அளவு அழுத்தம். கார்புரேட்டரின் ஊசி வால்வு அடைத்துப் பிடிக்கக்கூடியதும் அவ்வளவுதான். பழைய மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்ஜெக்‌ஷன் காரின் எலெக்ட்ரிக் பம்ப்பை மாட்டினால், அது 40 பிஎஸ்ஐ-க்கு மேல் தள்ளும். ஊசி தோற்கும், கார்புரேட்டர் நிரம்பி எஞ்சின் மேல் வழியும். எலெக்ட்ரிக் பம்ப்தான் வேண்டும் என்றால், கார்புரேட்டர் காருக்கென்று செய்த குறைந்த அழுத்த பம்ப் மட்டுமே.

தண்ணீரும் ஆயிலும்

ஆஸ்டின் 7-ல் வாட்டர் பம்ப் கிடையாது. சூடான நீர் மேலே போகும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்ற இயற்கையை நம்பியே ரேடியேட்டர் வேலை செய்யும். ஓடும் காருக்கு அது போதும். நிற்கும் காருக்குப் போதாது. இத்தகைய கார்களின் ரேடியேட்டர் மூடியில் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற அழகான வெப்பமானியைப் பார்த்திருப்பீர்கள். பலரும் முதலில் வாங்கும் துணைக்கருவி இது. ஓட்டும்போது கண்ணுக்கு நேரே தெரியும், உண்மையாகவே பயன்படும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அது அளப்பது நீரின் மேலே இருக்கும் ஆவியின் சூட்டை. தண்ணீர் மட்டம் குறைந்திருந்தால் அது சொல்வதை நம்ப முடியாது.

எதிர்க்கோடியில் இருப்பது சூப்பர்சார்ஜர். ஆஸ்டின் 7 அல்ஸ்டர் மாடலில் கோசெட் சூப்பர்சார்ஜர் அந்தக் காலத்திலேயே வந்தது. ஆக, காலத்துக்குப் பொருத்தமான கருவிதான். ஆனால் அந்த எஞ்சினின் கிராங்க் 1936 வரை இரண்டே பேரிங்கில் நின்றது. வேகம் ஏறினால் நடுவில் வளைந்து அதிரும். காலம் பொருந்துகிறது என்பதற்காக எல்லாக் கருவியும் உங்கள் எஞ்சினுக்குப் பொருந்திவிடாது.

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

இங்கேதான் முன்பு சொன்ன வேறுபாடு வருகிறது. நீங்கள் பார்க்க வேண்டிய சட்டங்கள் இரண்டு.

முதலாவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52. ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. 'மாற்றம்' என்பதற்கு அந்தப் பிரிவே விளக்கம் தருகிறது: வாகனத்தின் அடிப்படை அம்சத்தை மாற்றும்படியான கட்டமைப்பு மாற்றம். டைனமோ பிரஷ் மாற்றுவது பராமரிப்பு. வேறு கம்பெனி டீசல் எஞ்சினை இறக்குவது மாற்றம். சட்டம் அனுமதிக்காத மாற்றத்துக்கு, பிரிவு 182ஏ-யின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இரண்டாவது, மேலே சொன்ன 2021 வின்டேஜ் விதி. இதில் முதல் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். விண்ணப்பத்தோடு இன்ஷூரன்ஸும் பழைய ஆர்சியும் வேண்டும். புதிதாக எண் வாங்கினால் 'டிஎன் விஏ ஏஏ 0001' போல 'விஏ' சேர்ந்து வரும். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தாத்தா காலத்து நம்பர் பிளேட்டில் பாசம் உள்ளவர்களுக்கு இது ஆறுதல்.

ஆனால் இந்தப் பதிவு வாங்கிய காரை வழக்கமான பயணத்துக்கோ வணிகத்துக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, சர்வீஸ் போன்றவற்றுக்கு மட்டுமே. ஐடி பார்க்குக்குத் தினமும் ஓட்டிப்போய் நிறுத்த ஆசை என்றால் இது உங்களுக்கான பதிவு அல்ல. சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு, பிரிவு 52-க்குள் நடந்துகொள்ள வேண்டும்.

'சரி, அப்போ ஆல்டர்னேட்டர் போட்டா வின்டேஜ் பதிவு போயிடுமா?' என்று கேட்பீர்கள். இந்தக் கருவி சரி, அந்தக் கருவி தப்பு என்று விதியில் பட்டியல் கிடையாது. 'அசல் வடிவம்' என்ற சொல்தான் இருக்கிறது. அதற்கு ஆய்வு செய்பவரின் கண்ணே அளவுகோல். அந்தக் கண் முன்னால் அசல் டைனமோ நின்றால் உங்களிடம் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. புதுக் கருவி நின்றால் நீங்கள் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். சிலிண்டர் பிளாக்கில் துளை போட்டிருந்தாலோ சேசிஸை அறுத்திருந்தாலோ எந்தப் பதிலும் உதவாது.

ஸ்பெஷல் கட்ட நினைப்பவர்களுக்கு நேரான பதில்: பழைய சேசிஸ் மேல் புதிய பாடி என்றால் அது இந்த விதிப்படி வின்டேஜ் அல்ல. எஞ்சினில் எவ்வளவு அசலான மேக்னெட்டோ இருந்தாலும் அது மாறாது. அந்தக் கார் மூடிய பந்தயத் தடத்துக்கும் சொந்த நிலத்துக்கும்தான். இது தெரியாமல் பாகம் பாகமாகப் பணம் போட்டவர்கள், கார் முடியும் நாளில்தான் பதிவு பற்றி யோசிக்கிறார்கள்.

'அந்தக் காலம்' என்றால் எந்த ஊரின் காலம்?

அசல் பாகம் என்றதும் பலர் நேராக பிரிட்டிஷ் விற்பனையாளர்களின் பட்டியலைத் திறக்கிறார்கள். 1930-களின் இறக்குமதி காருக்கு அது சரி. ஆனால் அம்பாசடர் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து வந்தாலும், கட்டப்பட்டது மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில். ஸ்டாண்டர்டு ஹெரால்டு சென்னையில் தயாரானது. சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் 1960-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1968-ல் இங்கே தயாரான ஒரு காருக்கு, இந்தியாவில் செய்த யூனிட்டே அசலாக இருக்க வாய்ப்பு அதிகம். பவுண்டு கொடுத்து வரவழைத்த பளபளப்பான இங்கிலாந்து டைனமோ, நியாயமாகப் பார்த்தால், உங்கள் காரின் வரலாற்றுக்குப் பொய்யாகலாம்.

டெல்லி கஷ்மீரி கேட், கொல்கத்தா மல்லிக் பஜார், மும்பை சோர் பஜார், சென்னை புதுப்பேட்டை என்று தேடும்போது யூனிட்டின் உடலில் பொறித்த எண்களைப் பாருங்கள். லூகாஸ் பாகங்களில் மாடல் எண்ணும் தயாரான காலமும் பொறித்திருப்பார்கள். உங்கள் கார் தயாரான தேதிக்குச் சற்று முந்தைய தேதி இருந்தால் சரியான பாகம். சில ஆண்டு பிந்தையது என்றால் அது நடுவில் யாரோ மாற்றியது. அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, விலை பேசும்போது அது உங்கள் கையில் இருக்கும் துருப்புச்சீட்டு.

வேலையை எந்த வரிசையில் தொடங்குவது?

1. ஆர்சியில் உள்ள சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டும் காரில் பொறித்ததோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால், ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் ஆர்டிஓ அலுவலகம் போங்கள்.

2. எதற்கு ஓட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். தினமுமா, மாதம் ஒருமுறையா, பேரணிக்கா? எல்லாத் தேர்வும் இதிலிருந்துதான்.

3. காரின் பாகப் பட்டியலையும் சர்வீஸ் கையேட்டையும் தேடி வாங்குங்கள். கோணிப்பையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒரு எக்செல் ஷீட்டில் எழுதுங்கள்.

4. முதல் செலவு ஒயரிங், ஃபியூஸ், பெட்ரோல் ஹோஸ், பிரேக். மோட்டோமீட்டரும் குரோமியம் ஹாரனும் அப்புறம்.

5. மின்சாரக் கணக்கைப் போட்ட பிறகே டைனமோவா ஆல்டர்னேட்டரா என்று முடிவெடுங்கள்.

6. மாற்றும் ஒவ்வொன்றையும் மாற்றும் முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். கழற்றியதைச் சீட்டு கட்டிப் பத்திரப்படுத்துங்கள். ஃபிவாவின் துரின் சாசனமும் இதையேதான் வலியுறுத்துகிறது: செய்யும் மாற்றம் திரும்பப் பெறக்கூடியதாக இருக்கட்டும், அதற்குப் பதிவும் இருக்கட்டும்.

இனி மெக்கானிக் அண்ணன் "கடாசுங்க தம்பி" என்று சொன்னால், ஆல்டர்னேட்டர் மாட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். அந்த டைனமோவை மட்டும் கேட்டு வாங்கி, துணியில் சுற்றி, பரண் மேல் வையுங்கள். பதிவுக்குப் போகும் நாளிலோ, காரை வேறொருவர் கையில் கொடுக்கும் நாளிலோ அது தேவைப்படும்.